போடாத வளையம்

அன்று காலை அறையில் இருந்தவர்கள்: என் அக்கா, அவளுடைய புரொபசர், நைட் ஷிப்ட் முடிந்து அவளுக்குச் சாப்பாடு கொடுக்க வந்து மாட்டிக்கொண்ட நான். அப்புறம் ஒரு கிழட்டு மரம், அடிமரத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் பென்சில் தடிமனில் துளைத்தெடுத்த இரண்டு குச்சிகளாக.

அக்காவுக்கு வேலை, வளையம் பார்ப்பது. மழை பெய்த வருஷம் மரம் அகலமாக வளையம் போடும். காய்ந்த வருஷம் ஒல்லியாக. ஒரே காட்டிலுள்ள மரங்களெல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இந்தக் கிழடு பாதிவரை ஒத்துப்போய், அதற்கப்புறம் ஒரு வருஷம் தள்ளியே நின்றது. இதைவிட வயதான மரம் அவளிடம் இல்லை. இதைத் தூக்கிப் போட்டால் பழைய வறட்சிகளின் கணக்கு மொத்தமும் போச்சு.

"எண்ணினதுல தப்பும்மா. தூக்கிப் போடு," என்றார் புரொபசர்.

"தப்பு இல்ல சார். கொடூரமான வறட்சி. இந்தப் பக்கம் மரம் வளையமே போடல. அந்தப் பக்கத்துக் குச்சியில இருக்கும்."

"பாரேன். யாரு வேண்டாம்னா?"

"எங்கேருந்து பாக்கறது? புரட்டி ஒட்டியிருக்கே!"

குச்சியைக் கட்டையில் ஒட்டும்போது குறுக்குவெட்டு மேலே இருக்க வேண்டும். கால் சுற்று திரும்பினாலும் வளையம் கலங்கிவிடும்.

"எந்த மடையன் ஒட்டினது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீங்கதான் சார். போன்ல பேசிக்கிட்டே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரே கெட்டிலைப் போட்டார். ஆவியில் பசை இளகியது. "தம்பி, விரலைச் சுட்டுக்காதே," என்று என்னை அதட்டிவிட்டுத் தன் விரலைச் சுட்டுக்கொண்டார். அக்கா சொல்லச் சொல்லத் திருப்பி ஒட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சார். போதும். கையை எடுங்க."

காய்ந்ததும் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தூங்கி வழிந்துகொண்டே.

மைக்ரோஸ்கோப்பில் அவர்தான் முதலில் குனிந்தார். நிமிரவே இல்லை. அக்கா நகத்தைத் தின்று தீர்த்தாள்.

"இருக்கும்மா. முடி மாதிரி. என்ன பாடு பட்டிருக்கு பாவம்!" வறட்சியைப் பார்த்து ஒரு மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நகரு, நானே அளந்துடறேன்."

"வேண்டவே வேண்டாம். ரெண்டு பேரும் கிளம்புங்க."

"இது என் லேபும்மா!"

"உங்களுதுதான் சார். வெளிய."

நடையில் நின்று என்னைக் கேட்டார்: "வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இன்னும் மோசம் சார்."

எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.