வெள்ளை உடையில் நீல விரல்கள்

பதினோராம் வகுப்புக்கு ஹாலஜன் பாடம் நடத்தும் நாள் வந்தால் எனக்குத் தனித் தெம்பு வந்துவிடும். மற்ற நாட்களில் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அன்று நிமிர்ந்து உட்காருவார்கள். வெளிறிய பச்சை வாயுவாகக் குளோரின், செம்பழுப்புத் திரவமாகப் புரோமின், கருஞ்சாம்பல் செதிலாக அயோடின். பார்க்க வேறு வேறு, ஆனால் ஒரே குடும்பம். எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் எலக்ட்ரான் குறை. அந்த ஒன்றுக்காக அலையும். குளோரினுக்கு வேகம் அதிகம், அயோடினுக்குக் குறைவு. அயோடின் எங்கேயோ வாங்கி வைத்திருக்கும் எலக்ட்ரானைக் குளோரின் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

என் தம்பி ஃபெலெத்தியின் வீட்டிலும் அந்த வருஷம் ஓர் ஆள் குறை. அவன் மனைவி மரேத்தா ஸ்ட்ராபெரி பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா போயிருந்தாள். வெள்ளை ஞாயிறு நெருங்கியது. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளையில் கோயிலுக்குப் போய், சபைக்கு முன் நின்று வசனம் ஒப்பிக்க வேண்டும். என் வகுப்பிலேயே படிக்கும் அவர்கள் மகள் லங்கிமைனாவுக்கு வருஷா வருஷம் உடை தைப்பவள் மரேத்தாதான். இந்த முறை தானே தைப்பதாக ஃபெலெத்தி கிளம்பிவிட்டான்.

படகு எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற கை அது. தையல் மிஷின் முன்னால் அவன் குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

லங்கிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க. நம்ம கிளாஸ் லெசினாவுக்கெல்லாம் அப்பியா டவுனுக்குப் போய்க் கடையில வாங்கிட்டு வந்துட்டாங்க."

"அதுக்கு?"

"எனக்கும் அங்கதான் வாங்கியிருக்குன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ராத்திரி பகலா ஒரு மனுஷன் உனக்காக உட்கார்ந்து தைக்கிறான். நீ ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறியா?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து ஃபெலெத்தி ஓடி வந்தான். கையில் அந்த உடை. பின்னாலேயே லங்கி.

"அக்கா, இந்தத் துணிக்குப் பேய் பிடிச்சிருச்சு!"

"எந்தப் பேய்டா வந்து விரல் ரேகை வச்சுட்டுப் போகும்?"

உடையின் முன்பக்கம் முழுக்கக் கருநீல விரல் தடங்கள். விசாரித்தால் விஷயம் சின்னது. கடைசித் தையலில் ஊசி அவன் விரலில் ஏறியிருக்கிறது. காயத்துக்கு அயோடின் மருந்தைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, ஈரம் காயுமுன்னே கஞ்சி போட்ட துணியை இஸ்திரி போட உட்கார்ந்திருக்கிறான். கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது என் மாணவர்களுக்கெல்லாம் தெரியும். தம்பிக்குத் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தைவிடக் கடலில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஓர் எலுமிச்சையை நறுக்கித் தடங்களின் மேல் பிழிந்தேன். கண்ணெதிரே நீலம் மறைந்தது. ஃபெலெத்தி எலுமிச்சை மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்தோட விட்டுடாதே. தண்ணியில நல்லா அலசு" என்றேன்.

"சரிக்கா" என்றான். அலசவில்லை. அலசினால் கஞ்சி போய்விடும். அட்டை மாதிரி நிற்கிறது என்று அவனுக்கு அவ்வளவு பெருமை.

ஞாயிறு விடிந்ததும் இன்னொரு வேலை செய்தான். நேற்று எலுமிச்சை பட்ட இடம் லேசாகப் பழுத்துத் தெரிகிறதாம். பளிச்சென்று ஆகட்டும் என்று அதன் மேல் பிளீச்சைத் தொட்டுத் துடைத்திருக்கிறான்.

நான் போனபோது அவன் வீட்டு அறையில் கண் எரிந்தது. "எலுமிச்சை மேல பிளீச்சா? மூச்சு முட்டிச் சாகவா பார்க்கிறே?" என்று கத்திக்கொண்டே கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டேன். உடை மேஜைமேல் கிடந்தது. நீலம் திரும்பி வந்திருந்தது, நேற்றைவிடப் பெரிதாக. சாறு பரவிய இடமெல்லாம் பரவி, மார்புப் பக்கம் முழுவதும் திட்டுத் திட்டாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் துணி துவைக்கக் கூடாது. கொடியில் ஈரத்துணி தெரிந்தால் ஊர்க்கூட்டம் ஒரு பெட்டி டின் மீன் அபராதம் போடும். கோயில் மணியோ அடிக்கப் போகிறது.

ஆக்லாந்தில் படிக்கும் என் மகளின் வெள்ளை உடை ஒன்று பீரோவில் இருந்தது. அப்பியாவில் வாங்கியது, லேஸ் வைத்தது. கொண்டுவந்து லங்கியிடம் நீட்டினேன்.

ஃபெலெத்தி தன் உடையை மடித்தான். "அதையே போட்டுக்கோம்மா" என்றான். "உனக்கும் கடை உடைதானே ஆசை. லெசினாவோட அப்பா கேட்டாரு, அப்பியாவுல எந்தக் கடைன்னு. ஏதோ ஒரு கடை பேரைச் சொல்லி வச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டு, சமையல் கொட்டகையில் மதியச் சாப்பாட்டுக்குச் சூடேற்றிய அடுப்புக் கல்லைப் புரட்ட வேண்டும் என்று போய்விட்டான்.

லங்கி லேஸ் உடையைத் தொடவில்லை. மேஜையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நீலத் திட்டின் மேல் விரலை வைத்தாள்.

"நேத்து அது போகவே இல்ல, இல்லையா அத்தை?"

"எது?"

"அயோடின். எலுமிச்சைகிட்ட ஒரு எலக்ட்ரானை வாங்கிட்டு அயோடைடா ஆயிடுச்சு. நிறம்தான் போச்சு. அது துணியிலேயேதான் இருந்திருக்கு. பிளீச்சுல இருக்கிற குளோரின் வந்து அந்த எலக்ட்ரானைப் பிடுங்கவும் மறுபடி அயோடினா எழுந்துடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி எலுமிச்சை பிழிஞ்சா அடங்கிடும். ஆனா இந்தத் தடவை அலசியே ஆகணும்."

"இன்னைக்கு அலச முடியாதுடி. யாராவது பார்த்தா உங்கப்பனுக்குத்தான் அவமானம்."

"குளிக்கலாம்ல?"

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. இரண்டு எலுமிச்சையை எடுத்துக்கொண்டாள். அப்பா தைத்த உடையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். நேரே குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயின் அடியில் நின்றுவிட்டாள். சாறு பிழியும்போது வாய் என்னவோ முணுமுணுத்தது. ஒப்பிக்க வேண்டிய வசனமாக இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நீலம் போயிற்று. கஞ்சியும் போயிற்று.

கோயிலுக்குள் அவள் நுழைந்தபோது பாட்டு பாதியில் தடுமாறியது. பாவாடை ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். போதகரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். லங்கியின் முறைதான் முதலில். குளிரில் குரல் நடுங்கினாலும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

இறங்கி வந்து அமர்ந்ததும் பக்கத்திலிருந்த லெசினா அவள் காதில் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்னடி, அப்பியாக் கடைத் துணி இப்படித் தொங்குது?"

"கடையில வாங்கல" என்றாள் லங்கி. அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. கோயிலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். "உன்கிட்ட பொய் சொன்னேன். இது எங்கப்பா தைச்சது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபெலெத்தி எனக்கு முன் வரிசையில் இருந்தான். என் பக்கமாகப் பின்னால் சாய்ந்தான்.

"அக்கா, கழுத்து ஒரு பக்கமா இழுக்குது பாரு."

"ஆமா. கோணல்தான்."

"தோளும் ஏறி நிக்குது."

"நிக்குது."

"மரேத்தா பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பா" என்றான். சொல்லிவிட்டு, சபை நடுவில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழ ஆரம்பித்தான்.