மழுவன் விரலில் இருந்த மோதிரம்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் கிடைத்தது. சண்டை ஒரு மோதிரத்துக்காக. அப்படி ஒரு மோதிரம் உலகத்தில் எங்கும் இல்லை. திருப்பதியில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், நாங்கள் நாலு பேர் ஆடும் கதையாட்டத்தில் மட்டும் இருந்தது.*

* நந்திதா கதையை நடத்துவாள். சுதீர், ரூபா, நான் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், சண்டை போடுவோம். பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். செத்தவர் திரும்பி வர முடியாது.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘ரூபாவின் கண்களில் பேராசை மின்ன, அவள்—’

[பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.]

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அரக்கர் கூட்டத்தைத் தடுக்க சுதீரின் வீரன் மழுவன் தொங்குபாலத்தில் தனியாக நின்றான். ரூபாவின் வைத்தியச்சியும் என் திருடனும் தப்பினார்கள். பகடை விழுந்தது. சுதீர் இரண்டு வருஷமாக வளர்த்த மழுவன் செத்துப்போனான். அரக்கர்கள் போனதும் நாங்கள் பாலத்துக்குத் திரும்பினோம்.

“மோதிரத்த நான் கழட்டிக்கறேன்,” என்றாள் ரூபா. மழுவன் விரலில் இருந்தது, போட்டிருப்பவரையும் அவர் கையைப் பிடித்திருப்பவரையும் நெருப்பு தீண்டாத மந்திர மோதிரம்.

சுதீர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். “பொணம் இன்னும் ஆறல.”

“கேம்தான, சுதீர்.”

“எங்க நைனா செத்து ஆஸ்பத்திரிலருந்து கொண்டாந்து கிடத்தனப்போ, எங்கண்ணன் முதல்ல அவரு பையிலருந்து வண்டி சாவிய எடுத்துக்கினான். அப்புறம்தான் அழுதான். நான் பாத்துக்கினே நின்னேன்.”



3

[இங்கே ரூபா மன்னிப்புக் கேட்டால் எனக்கு வேலை சுலபம். அவள் கேட்கவில்லை.]

“அடுத்தது நெருப்பு வாசல். மோதிரம் இல்லாம போனா வெந்துடுவேன். நாங்க பொழைக்கணும்னுதான அவன் நின்னான்? நாங்களும் செத்தா அவன் எதுக்கு செத்தான்?”

“அவனோடவே பொதைச்சுடு.”

“அத சொல்ல நீ யாரு? உன் ஆளுதான் செத்துட்டானே.”

சொன்ன பிறகு அவள் முகமே வெளிறிவிட்டது. சுதீர் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். தன் ஊரான புத்தூருக்கு பஸ்ஸைப் பிடித்தால் இனி வரமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. கதவுவரை போய்விட்டான்.

4

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மோதிரம் ஆற்றில் விழுகிறது. இன்னொன்றில் சுதீர் படியிறங்கி, பாதியில் நின்று—

[இரண்டும் கோழைத்தனம். நந்திதா செய்தது வேறு.]

“ஆகு,” என்று தெலுங்கில் அவனை நிறுத்தினாள். “மழுவனுக்கு இன்னும் ஒரு மூச்சு இருக்கு. கதைய நடத்தறவ நான், நான் சொல்றேன். வந்து உக்காரு. மோதிரம் யாருக்குன்னு அவனே சொல்லட்டும்.”

சுதீர் பையைக் கழற்றிக் கதவோரம் வைத்தான். பிறகு வந்து ரூபாவுக்கு எதிரே உட்கார்ந்தான். பேசியபோது அது மழுவனின் கட்டைக் குரல். “கைய குடு.”

ரூபா நீட்டினாள்.  சுதீர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவள் காதில் என்னவோ சொன்னான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

5

சொன்னது என்னவென்று சுதீரைக் கேட்டேன். பேச்சை மாற்றினான். ரூபாவைக் கேட்டேன். “அது மழுவன் எனக்குச் சொன்னது. உனக்கு எதுக்கு?” நந்திதா, “நாளைக்குத் தெரிஞ்சிடும்,” என்றாள்.

இன்று சனிக்கிழமை. வருகிறேன் என்று சுதீர் மெசேஜ் போட்டிருக்கிறான். நாளை ரூபா நெருப்பு வாசலுக்குள் முதலில் நுழைவாள். மோதிரம் அவள் விரலில் இருக்கிறதோ, பாலத்தடியில் புதைந்திருக்கிறதோ. அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் திருடன் போக வேண்டும்.

நீங்களாக இருந்தால் நுழைவீர்களா?