இளஞ்சிவப்புப் பட்டை

தனபாலன் இடது கையை ரொட்டிப் பையில் நுழைத்து, முழங்கைக்குக் கீழே இரண்டு ரப்பர் வளையங்களைப் போட்டான். வலது கையால் தண்ணீர் மொண்டு குளித்தான். பத்து நாளாக இப்படித்தான். கொரோனாத் தனிமைக்காக மணிக்கட்டில் சுகாதார இலாகா மாட்டிவிட்ட இளஞ்சிவப்புப் பட்டை அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் அவனே அறுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அபராதம் பத்தாயிரம் வெள்ளி வரை போகும்.

துவட்டிக்கொண்டான். முடி காதை மூடியிருந்தது. முடி வெட்டும் கடைகள் மூடிய பிறகு மனைவி கமலவேணிதான் பின்கட்டில் பழைய பேப்பரை விரித்து வெட்டிவிடுவாள். இரண்டு மாதமாக அதற்கும் நேரம் வாய்க்கவில்லை.

கோப்பிக்குத் தண்ணீர் வைத்தான். ஏழு மணிக்குக் கைப்பேசியில் செயலியைத் திறந்தான். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் தினமும் காலையில் உடல்நிலையைத் தெரிவிக்க வேண்டும். தன் பெயருக்கு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தினான். அடுத்த பக்கம் கமலவேணி. அவளுடைய பழைய போனில் செயலி இறங்கவில்லை என்பதால் அவளையும் தன் பெயரின் கீழேயே பதிந்திருந்தான். அவள் பக்கத்தை நிரப்பாமல் அது எதையும் அனுப்பாது. காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. மூச்சுத் திணறல்? இல்லை. அனுப்பினான். நன்றி என்று வந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆபத்துக் குறைவு.

முந்தின நாள் மாலை நாலேகாலுக்கு அவள் இறந்துபோயிருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து பேசிய மலாய்த் தாதி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் பதினோரு மணிக்கு மலாக்கா டவுனில் தகனம். பெட்டியை மூடித்தான் கொண்டுவருவார்கள். குடும்பத்தில் இரண்டு பேர், பதினைந்து நிமிடம். அங்கே கொள்ளி என்பது பெட்டிமேல் சூடம் காட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவது. பிள்ளை இல்லை. புருஷன்தான் அழுத்த வேண்டும்.

தனிமைப்படுத்தும் உத்தரவில் முடியும் நாள் என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது. எட்டு மணியிலிருந்து சுகாதார அலுவலகத்தை அழைத்தான். ஒன்பதுக்கு ஒரு பெண் எடுத்தாள். இன்றைய தேதி என்றால் இன்று இரவு பன்னிரண்டு வரை என்றாள். இரண்டரைக்கு ஜாசின் மண்டபத்துக்கு வந்தால் பட்டையை வெட்டி, விடுவிப்புக் கடிதம் தருவார்கள் என்றாள். தகனம் பதினொன்றுக்கு என்றான். தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். அதை மருத்துவமனையிடம் அவன் கேட்டாகிவிட்டது. குளிர் அறையில் இடமில்லை. அப்படியே சொன்னான்.  எஸ்.ஓ.பி., விதிமுறையை மீற முடியாது என்றாள்.

ஒன்பதரைக்கு வாசலில் கார் நின்றது. கமலவேணியின் தாய்மாமன் தம்புசாமி ஓட்டி வந்திருந்தார். பின் சீட்டில் மாமியார் பெத்தம்மாள். லூபோக் சீனாவிலிருந்து மாவட்டம் தாண்டி வருவதற்குக் கடிதம் வாங்க, ஆறு மணிக்கே போலீஸ் நிலையத்தில் நின்றிருந்தார்கள். கடிதத்தில் இரண்டு பெயர்தான். பெத்தம்மாளின் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் கூறைச்சேலை.

தம்புசாமி இறங்கி வந்தார். ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் சவரக் கத்தி.

"மாப்ள, கைய நீட்டு."

தனபாலன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "வேணாம் மாமா."

"முழுக்கைச் சட்டைய போட்டுக்க. எவன் பாக்கப் போறான். மந்திரி வெளிநாடு போயிட்டு வந்தா மூனு நாளு, உனக்குப் பத்து நாளா? வெட்டு லா."

"இன்னைக்குத்தான் கடைசி நாளு. பேப்பர்ல தேதி போட்டிருக்கு. காட்டிக்கலாம்."

"பேப்பரு." காறித் துப்பப் போனவர், முகக்கவசம் நினைவுக்கு வந்து விழுங்கிக்கொண்டார். "படிச்சவன் லா நீ. இன்னும் அவனுங்க பேப்பர நம்புற. டாருராட்டு, அவசரகாலம்னு சொல்லி பார்லிமென்ட்ட மூடுனானுங்க. கோயில மூடுனானுங்க. முடி வெட்டுற கடைய மூடுனானுங்க. எம்புள்ள வேல செஞ்ச ஃபேக்டரிய மட்டும் மூடல."

அலோர் காஜா பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலை அமைச்சின் அனுமதிக் கடிதத்தோடு ஓடியது. கமலவேணியின் வரிசையில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்த பிறகும் ஓடியது. மேற்பார்வையாளர் வெளியே பேச வேண்டாம் என்று சொன்னார். கமலவேணி அதன் பிறகும் இரண்டு நாள் பஸ் ஏறினாள். பஸ்ஸில் நாற்பது பேர். அன்று இரவு டிவியில் அமைச்சர், மக்கள் வீட்டிலேயே இருந்தால் எண்ணிக்கை குறையும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சோறு தின்றுகொண்டே டிவியை அணைத்தாள்.

பெத்தம்மாள் கார் கண்ணாடியை இறக்கினாள். "சேல கொண்டாந்திருக்கேன் தம்பி. மேல போட விடுவாங்களா?"

"விடமாட்டாங்க அத்தை."

அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு போனார்கள். வழியில் சாலைத் தடுப்பு. இளம் மலாய்ப் போலீஸ்காரர் கடிதத்தைப் பார்த்து, தலைகளை எண்ணினார். மூன்று. தனபாலனின் மணிக்கட்டைப் பார்த்தார். மருத்துவமனையின் செய்தியை அவன் எடுத்துக் காட்டினான். படித்துவிட்டு, பின் சீட்டில் இருந்த பையைப் பார்த்தார். சீக்கிரம் போங்கள் என்று மலாயில் சொல்லி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தகன மண்டபத்தின் வாசலில் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பில் ஒருவர் நின்றார். மார்பில் மார்க்கர் பேனாவால் கணேசமூர்த்தி என்று எழுதியிருந்தது. செயலியைப் பார்க்கப் போனைக் கேட்டார். தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஒங்களுக்குச் செவப்பு காட்டுதுண்ணே. இது யாரு, கமலவேணி? இவங்கன்னா உள்ள போலாம்."

"அவ உள்ளதான் இருக்கா."

கணேசமூர்த்தி போனைத் திருப்பிக் கொடுத்தார். கையைக் காட்டச் சொன்னார். தனபாலன் கையையும் உத்தரவையும் சேர்த்தே நீட்டினான். தேதியைத் தொட்டுக் காட்டினான்.

"ரிலீஸ் லெட்டர் இருக்கா?"

"ரெண்டரைக்குத்தான் தருவாங்களாம்."

அவர் தள்ளிப் போய் யாரிடமோ பேசினார். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தை மூடிய கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது.

"முடியாதாம்ணே. கேமரா இருக்கு. என்னையத் தூக்கிருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "பட்ட இல்லாம வந்திருந்தீங்கன்னா நான் போனைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்."

தம்புசாமி அரசாங்கத்தின் அம்மாவையும் அதற்கு முந்தின தலைமுறையையும் சொல்லி ஒரு வார்த்தை சொன்னார். கணேசமூர்த்தி மறுக்கவில்லை. மணி பத்து ஐம்பது என்று மட்டும் சொன்னார்.

தம்புசாமி தனபாலனைப் பார்த்தார். அவன் பட்டை கட்டிய கையை மறு கையால் மூடிக்கொண்டு நின்றான். கத்தரிக்கோல் காரில்தான் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். இனி வெட்டியும் பயனில்லை.

தம்புசாமி காரின் பக்கக் கண்ணாடி முன் குனிந்தார். போத்தல் தண்ணீரைத் தடவிக்கொண்டு, மருமகனுக்கு என்று கொண்டுவந்த கத்தியால் தன் மீசையை எடுத்தார். கொள்ளி வைப்பவன் எடுக்க வேண்டும். குழந்தையில் அந்த மீசையைப் பிடித்து இழுக்காமல் கமலவேணி தூங்க மாட்டாள் என்று கல்யாணத்தன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேலுதட்டில் ஓரிடத்தில் வெட்டி ரத்தம் வந்தது. முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, அக்காளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தனபாலன் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றான். புகைபோக்கி தெரிந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. பதினொன்று இருபதுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். சேலைப் பை பெத்தம்மாளின் கையிலேயே இருந்தது.

 ஜாசினை நெருங்கும்போது பெத்தம்மாள் சொன்னாள்.

"உள்ள இருக்கிறது அவதானான்னு கேட்டேன். பேரு எழுதியிருக்குன்னான்."

மண்டபத்தில் தரையில் ஒட்டியிருந்த அடையாளங்களின் மேல் வரிசை நின்றது. இரண்டரைக்குத் திறக்க வேண்டிய முகப்பை மூன்றரைக்குத் திறந்தார்கள். அவன் முறை வந்தபோது தாதி தாளில் முத்திரை குத்தினாள். வாழ்த்துகள் என்றாள். எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலோடு அவன் கையைப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொண்டான். வீட்டில் வெட்டிக்கொள்கிறேன் என்றான். தாதி தாளையும் அவனையும் பார்த்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

செலண்டாரில் வீட்டு வாசலில் இறங்கினான். தம்புசாமி மொழுமொழுவென்ற உதட்டைத் தடவிக்கொண்டார். அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அதான் விட்டாச்சுல்ல. இன்னும் எதுக்குடா அது?"

பெத்தம்மாளும் பார்த்தாள்.  அவன் வாயிற்கதவைச் சாத்தினான். உள்ளே போய்ப் பின்கட்டில் உட்கார்ந்தான். பழைய பேப்பர் கட்டு சுவரோரம் இருந்தது. அதன்மேல் அவளுடைய கத்தரிக்கோல்.

மூச்சுக் குழாய் போடுவதற்கு முன், பட்டை கட்டிய ஆறாம் நாள், மருத்துவமனையில் தாதி ஒருத்தி போனைப் பிடித்துக்கொள்ள கமலவேணி இரண்டு நிமிடம் பேசினாள். ஃபேக்டரி அட்டை அலமாரியில் இருக்கிறது என்றாள். அம்மாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். பட்டை கையை உறுத்துகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"முடிய நீங்களா வெட்டிக்காதீங்க, கோணலாப் போயிரும். பட்டையையும்தான். நான் வந்து ரெண்டையும் சேத்து வெட்டி விடறேன்."