ஒறம்பரைக்கு முதல் டம்ளர்

என் வீட்டுக்காரர் கிருபாசங்கருக்கு இல்லை என்று சொல்ல வராது. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கடன் சொல்லி வேலை வாங்க வருபவனிடமும் "ஆகட்டுங்க" என்பார். ஈரலில் குடிவரலாமா என்று வைரஸ் கேட்டபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார் போல.

ஹெபடைடிஸ் பி. ரத்ததான முகாமில் தெரியவந்தது. முழுசாக விரட்டுவது கஷ்டம், தினம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும், நிறுத்தினால் சீறிக்கொண்டு கிளம்பும் என்றார் டாக்டரம்மா. அதோடு விட்டிருக்கலாம். இவர் தன் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவருவார்கள். அது ஒரு பொற்காலம். இப்போது தொண்டாமுத்தூர் சின்ன மாமனார் சாக்கு நிறையக் கீழாநெல்லியோடு வந்தார். "யானை மிதிச்சுட்டுப் போன தோட்டத்துல புடுங்கினது அம்மணி. வீரியம் ஜாஸ்தி." ஆனைமலைக்குப் போய்வந்த நாத்தனார், வழியில் வாங்கிய சீந்தில் பொடியைக் கொடுத்தாள். பட்டறைக்கு எதிர்க்கடை ரசாக் பாய் கருஞ்சீரக எண்ணெய் அனுப்பினார். மத நல்லிணக்கத்துக்கு எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை.

கொண்டுவந்தால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? போகமாட்டார்கள். இவர் குடித்து, முகம் கோணி, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லும்வரை சோபாவை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் கணக்கு மூன்று மடங்கு ஏறியிருந்தது.

"வைரஸ் அடங்கித்தான் இருக்கு. ஏத்தறது வேற ஏதோ. மாத்திரையைத் தவிர என்ன சாப்பிடறீங்க?" என்றார் டாக்டரம்மா.

இவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"மூலிகையை நான் கொறை சொல்லலீங்க. ஆராய்ச்சியெல்லாம் நடக்குது. ஆனா நீங்க குடிச்சது எந்த இலை, எவ்வளவு, கூட என்ன கலந்தாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? சீந்தில் பொடி சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்தவங்களையே நான் பாத்திருக்கேன். ஒரு மாசத்துக்கு மாத்திரையைத் தவிர ஒண்ணும் கூடாது. அப்பவும் எறங்கலைன்னா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்."

வீடு வந்து சேர்வதற்குள் அங்கப்பன் பெரியப்பாவின் போன்.

இவருடைய பெரியப்பா, பால் சொசைட்டித் தலைவராக இருந்தவர். பதவி போனபின் மாலை போட ஆள் குறைந்ததால் 'கொங்கு மூலிகை எழுச்சிப் பேரவை' ஆரம்பித்து, அதன் சார்பில் தனக்கே 'மூலிகைச் செம்மல்' பட்டம் வழங்கி, நன்றியுரையும் ஆற்றிக்கொண்டவர்.

"வைரஸைக் கொல்றது பெரிய காரியமில்ல கண்ணு. உள்ளுக்குள்ள எதிர்ப்புச் சக்தி அசந்து படுத்துக் கெடக்குது. அதை எழுப்போணும். ஞாயித்துக்கெழம பேரவையோட வாரேன். நம்ம கஷாயத்தை நீ குடிக்கறதை வீடியோ எடுத்துப்போடலாம். அந்த இங்கிலீஷ் மாத்திரையை மட்டும் இன்னையோட நிறுத்திப்போடு. அது இருந்தா நம்முது வேலை செய்யாது."

"ஆகட்டுங்க பெரியப்பா."

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, எதுக்கு ஆகட்டுங்கறீங்க?"

"பெரியவரு. மனசு நோகும் லோகு."

"உங்க ஈரல் நோகறது பரவால்லீங்களா?"

"மாத்திரையை நிறுத்தமாட்டேன். கஷாயம் மட்டும் பேருக்கு ஒரு வாய்..."

"பேருக்கு ஒரு வாய், பேருக்கு ஒரு வாய்னுதான் மூணு மடங்கு ஏறியிருக்குது."

"அப்ப நீயே சொல்லிப்போடேன்."

எங்கள் வீட்டில் மரியாதை அவருடையது, பொல்லாப்பு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை பேரவை இரண்டு காரில் வந்து இறங்கியது. எல்லார் தோளிலும் பச்சைத் துண்டு. வந்ததும் இவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளெக்ஸைக் கட்டினார்கள்: 'வைரஸை வென்ற கிருபாசங்கர்'. இன்னும் குடிக்கவே இல்லை, அதற்குள் வென்றுவிட்டார். பெரியப்பா தன் கையாலேயே கஷாயம் நிறைந்த தூக்குப்போசியைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். மூடியைத் திறந்ததும் மழையில் நனைந்த சாக்கின் வாசம் வந்தது.

"நான் ஊத்திக் கொண்டாரேனுங்க," என்று போசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வீட்டிலுள்ள டம்ளர்களையெல்லாம் தட்டில் அடுக்கி, விளிம்புவரை ஊற்றி எடுத்துவந்தேன்.

"மொதல்ல நீங்க எடுத்துக்குங்க பெரிய மாமா."

"எனக்கெதுக்கு அம்மணி? சங்கருக்குக் குடு."

"ஒறம்பரை வாய் நனைக்காம ஊட்டுக்காரரு குடிச்சா நல்லாருக்குமுங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒறம்பரைக்கு இது கௌரவப் பிரச்சினை. விருந்தாளியாக வந்தவர் கொடுத்ததைத் தொடாமல் போனால், அந்தப் பேச்சு பேரன் கல்யாணம்வரை வரும். எல்லோரும் டம்ளரை எடுத்தார்கள். யாரும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒருவருக்குத் திடீரென்று விரதம் ஞாபகம் வந்தது. இன்னொருவர், "நான் கார் ஓட்டோணுமுங்க," என்றார்.

"நீங்களே இப்படித் தயங்குனா எப்படீங்க மாமா?"

பெரியப்பா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "நான் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடறேனல்ல அம்மணி. அதோட கண்டதையும் சேத்தக்கூடாதுன்னு எங்க டாக்டரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் தன் டம்ளரைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"எனக்கும் அதையேதானுங்க பெரியப்பா சொல்லியிருக்காங்க. நான் குடிக்கலீங்க. மாத்திரையவும் நிறுத்தலீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு. அதிலும் 'ங்க' குறையவில்லை.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், "தலைவரே, இதையும் எடுக்கோணுங்களா?" என்றார்.

காபி கொடுத்தேன். அதை மட்டும் ஒரு நொடியில் குடித்தார்கள். பிளெக்ஸைச் சுருட்டி எடுத்துப்போனவர்கள், தூக்குப்போசியை மறந்துவிட்டார்கள்.

மாதம் முடிந்து பார்த்தபோது ஈரல் கணக்கு இறங்கியிருந்தது. மாத்திரை மட்டும் தொடரட்டும் என்றார் டாக்டரம்மா. நான் தடுப்பதற்குள் இவர் சந்தோஷத்தில் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயங்காலம் பேரவை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அதே பிளெக்ஸ், அதன் முன்னால் டம்ளரும் கையுமாக இவர். கீழே, 'நம் கஷாயத்தைக் கையில் வாங்கிய ஒரே மாதத்தில்!' பொய் என்று சொல்லமுடியாது. கையில்தானே வாங்கினார்.

மறுநாள் காலை வாசலில் சின்ன மாமனார், தலையில் ஒரு சாக்கு.

"அண்ணனோட கஷாயத்துக்கே இப்படீன்னா, நம்ம யானைத் தோட்டத்துச் சரக்குக்கு எப்படி இருக்கும்?"

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சமையலறையில் அதற்குள் டம்ளர்கள் அடுக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க சித்தப்பா, உக்காருங்க," என்றார் இவர் உள்ளேயிருந்து. "அரைச்சு, மொதல்ல உங்களுக்குப் பெரிய டம்ளர்லயே ஊத்தட்டுங்களா?"