ஒன்பது விரல்கள்

துறைமுகத்தில் குண்டு விழுந்து மூன்றாம் நாள். அங்கே சிந்திய எண்ணெயை அள்ளிக் கறுத்த தன் கைகளை, பேணாட் என்ற தொழிலாளி கிணற்றடியில் நிலைகொள்ளாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். விடிந்தால் மகளுக்கு ஞானஸ்நானம். இந்தக் கையால் பிள்ளையை ஏந்த அவனுக்கு மனமில்லை. சலவைச் சோடாவும் கடல்மணலும் பட்டு ஒன்பது விரல்கள் சிவந்து நீர் கசிந்தன; பத்தாவது விரல் மட்டும் இன்னும் தேய்க்கப்படாமல் கறுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் மச்சாள் மாகிரட் ஓடிவந்து தடுத்தாள்.

“என்ன மச்சான், சட்டியே கழுவுறீங்கள்?”

“மேல்தோல்தானே, செத்த தோல்.”

“ஓம், செத்ததுதான். ஆனா அதுதான் கிருமியை உள்ளுக்கு விடாமல் மறிக்கிறது. மிச்ச விரலைத் தொடாதேங்கோ. தோல் தானா உரிய, கறுப்பும் போகும்.”

“அப்ப பிள்ளையைத் தூக்க ஏலாதோ?”

“கட்டுப் போட்டுவிடுறன், தூக்குங்கோ.”

மறுநாள் கோவிலில், வெள்ளைக் கட்டுகளுக்கு நடுவே நீண்டிருந்த ஒரே கறுத்த விரலைக் குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது.