டிரைவருக்கு ஒரு கட்டில்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் கௌதம்ராஜுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காரியமானாலும் வெள்ளைப் பலகையில் எழுதிவைத்தால்தான் அவனுக்குத் திருப்தி. சேப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடக்கப்போகும் கிரிக்கெட் மேட்சுக்குப் பதினோரு பேர் போய்வருகிற திட்டமும் அப்படித்தான் புதன்கிழமை சாயங்காலம் அவன் ஆபீஸ் பலகையில் மூன்று நிற மையில் ஏறியிருந்தது. வேன் ஓட்டப்போகிற சங்கையாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்து, அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஐம்பது வயது மனுஷனை உட்காரச் சொல்ல அங்கே ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புறப்பாடு. சனிக்கிழமை விடியலில் சென்னை. திருவல்லிக்கேணி லாட்ஜில் நாலு ரூம். குளித்துவிட்டு நேரே மகாபலிபுரம், பொழுது சாய்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரை. ஞாயிறு காலை தி.நகரில் துணிக்கடை. மத்தியானம் ரூமைக் காலிசெய்து மூட்டை முடிச்சை வேனில் போட்டுவிட வேண்டியது. மேட்ச் முடிந்ததும் ஏறிப் படுத்தால், திங்கள் காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையம்.

"ரூட்டு என்னய்யா டிரைவரே?" என்றான் கௌதம்ராஜ்.

"போறப்ப ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, திருமங்கலம், மதுரை, திருச்சி. வாரப்ப அப்படியே திரும்பி வர வேண்டியதுதான்" என்ற சங்கையா, பலகையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் படித்தார். "மொதலாளி, நாலு ரூமு போட்டிருக்கு. இதுல எனக்கு எங்கன?"

லாட்ஜைப் பேசி முடித்தவன் பிரேம்குமார். பஞ்சு புரோக்கர். சிரிப்பை அடக்கக்கூட அவன் முயற்சி செய்யவில்லை. "ஒமக்கு வேன்லதான். வேற எங்கன?"

"சனிக்கிழமை பூரா வண்டி ஓடுது. ஞாத்துக்கிழமையும் ஓடுது. மேட்சு முடிஞ்ச கையோட ராவோட ராவா ஊருக்கு வரணுங்கீக. நடுவுல நான் எப்பம் உறங்க?"

"நாங்க மேட்ச் பாக்கைல நாலு மணி நேரம் சும்மாதான கெடப்ப?" என்றான் கௌதம்ராஜ்.

"அங்கன வண்டிய நிறுத்த விடமாட்டாக மொதலாளி. போலீஸு விரட்டிக்கிட்டே இருக்கும். சித்திர மாசத்துப் புழுக்கத்துல வண்டிக்குள்ள எவன் உறங்க முடியும்? எனக்கு ஏசி வேண்டாம். ஒரு கட்டிலு, ஒரு பேனு. ஞாத்துக்கிழமை மத்தியானத்துலருந்து ஆறு மணி நேரம். அம்புட்டுத்தான்."

கௌதம்ராஜ் பிரேம்குமாரின் பக்கம் சாய்ந்து தங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் பேசினான். இவனுக்கு ரூம் போட்டால் அடுத்து வேனுக்கும் ஒரு ரூம் கேட்பான் என்று சொன்னான். டிரைவருக்குத் தெலுங்கு விளங்காது என்று நினைப்பு. இருபது வருஷம் ராஜபாளையத்துக்காரர்களை ஏற்றி இறக்கியவருக்கு வசவு எந்த மொழியில் வந்தாலும் விளங்கும். ஆலையின் கணக்கர் ஜோயல் மட்டும் சிரிக்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கூட்டம் அது. மேட்ச் டிக்கெட்டை ஐந்து மடங்கு விலைக்கு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, ஒரு கட்டில் என்றதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

சங்கையா காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும்.

நாலு வருஷத்துக்கு முன் இதே போலத்தான் சென்னைக்கு ஒரு கல்யாண டிரிப். இரண்டு நாள் கண்ணை மூடவிடவில்லை. திரும்பும்போது விடியற்காலம், திருமங்கலம் தாண்டி வேன் புளியமரத்தில் மோதியது. மாடு குறுக்கே வந்தது என்று போலீசில் சொன்னார், வேன் முதலாளியிடமும் சொன்னார். மாடு, ஆடு எதுவும் வரவில்லை. வேனில் இருந்த அத்தனை பேரும் உறங்கினார்கள், உறங்கக்கூடாத ஒருவரும் உறங்கிவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. வேனில் வந்த கான்சாபுரத்துச் சமுத்திரம் என்பவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போதும் வழியில் பார்த்தால் சமுத்திரம் கட்டைக்காலை ஊன்றி நின்று, "மாடு வந்தா நீரு என்ன செய்வீரு சங்கையா" என்று ஆறுதல் சொல்வான். அந்த ஆறுதலுக்குப் பதிலாக அவன் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று சங்கையாவுக்குத் தோன்றும். அன்றிலிருந்து ராத்திரி வண்டி என்றால் முதலில் உறக்கம், பிறகுதான் ஸ்டியரிங் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

கௌதம்ராஜ் அங்கேயே ஸ்ரீவில்லிபுத்தூர் தவசிமுத்துவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிறபடி வைத்தான். வேனுக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"ஏலே சங்கையா, புத்தி பெரண்டு போச்சா? முப்பது வருசமா டிராவல்ஸ் நடத்துதேன். எந்த டிரைவருலே ரூம் கேட்டான்?"

"கேக்காம இருந்ததுதான் தப்பு அண்ணாச்சி. கட்டில் இல்லன்னா நான் போகல."

"போகாண்டாம். ஸ்கூல் வண்டிய மட்டும் ஓட்டிக்கிட்டுக் கெட. மாரிச்சாமிய அனுப்புதேன்."

மாரிச்சாமி ஆக்டிங் டிரைவர். ஆள் குறைகிற அன்றைக்குக் கூப்பிட்டால் வருவான். கௌதம்ராஜ் பலகையில் சங்கையாவின் பெயரை அழித்துவிட்டு மாரிச்சாமி என்று எழுதினான். ஆள் மாறியதில் திட்டத்தின் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே சங்கையா படியிறங்கினார்.

ஸ்கூல் வண்டி என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளை ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிற வேலை. வெள்ளிக்கிழமை காலையில் ஜோயலின் மனைவி ஜாஸ்மின் தன் ஏழு வயது மகளை வழக்கம்போல முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றினாள். "அவிய சாயங்காலம் மெட்ராஸ் போறாக அண்ணாச்சி. நீங்க ஓட்டுதீகன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "இல்லம்மா, வேற ஆளு" என்றார் சங்கையா. அதற்குமேல் அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தார்.

மத்தியானம் சங்கையா தவசிமுத்துவின் வண்டி ஷெட்டுக்கு வந்தபோது மாரிச்சாமி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தன. புதன் ராத்திரியே திருப்பதி டிரிப்புக்குப் போனவன். வெள்ளி விடிந்ததும் வந்து இறங்கியவனை, வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் ஆலங்குளத்துக்கு ஒரு சடங்கு வீட்டுக்காரர்களை ஏற்றி அனுப்பியிருந்தார் தவசிமுத்து.

"உறங்கி எத்தன நாளாச்சு?" என்றார் சங்கையா.

"ஒமக்கு எதுக்கு அது?"

"ரெண்டு ராத்திரி உறங்காம மூணாவது ராத்திரி ஓட்டப்போற. வண்டில பதினோரு பேரு. வேண்டாம் மாரிச்சாமி. முடியாதுன்னு சொல்லிரு."

மாரிச்சாமி வாளியைத் தரையில் போட்டான். "நீரு பெர்மனெண்ட் டிரைவரு, கட்டில் கேப்பீரு, மெத்த கேப்பீரு. எனக்கு இந்த டிரிப்ப ஒழுங்கா முடிச்சா வேலைய நெரந்தரமாக்குதேன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு. ஊடால வந்து எம் பொழப்புல மண்ணப் போடாதீரும். போயிரும்!"

சங்கையா தவசிமுத்துவிடம் போனார். பொறாமையை ஓரமாக வைக்கச் சொல்லி விரட்டினார் அவர். பிறகு சங்கையா கௌதம்ராஜுக்குப் போன் போட்டார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். எல்லா வாசலும் சாத்தியாயிற்று. பேசாமல் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்க் காலை நீட்டியிருந்தால் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு, அவர் எதிர்த்திசையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். அவர்கள்மேல் பாசம் பொங்கி வழிந்து ஏறவில்லை. பதினோரு பேரையும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தப் புளியமரம் அவரை வீட்டுக்குப் போகவிடவில்லை.

ஆலை வாசலில் திருவிழாக் கூட்டம். வேனுக்கு மாலை போட்டிருந்தது. பதினோரு பேரும் ஒரே நிறத்தில் பனியன் மாட்டிக்கொண்டு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கௌதம்ராஜின் மனைவி சத்யப்பிரியா சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். சக்கரத்துக்கெல்லாம் காவல் வைத்த புண்ணியவான்கள், ஓட்டுகிறவனின் முகத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஜாஸ்மின் ஸ்கூட்டியில் மகளோடு வந்து, புருஷனின் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய எடுக்காத மாரிச்சாமி" என்றார் சங்கையா.

செல்பிக்குச் சிரித்த முகங்கள் எல்லாம் கோணிக்கொண்டன.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பைல அபசகுனம் மாதிரி வந்து நிக்கான் பாரு" என்றான் பிரேம்குமார்.

"அவன் ரெண்டு நாளா உறங்கல. திருப்பதி போய்ட்டு வந்த கையோட ஆலங்குளம் போயிருக்கான். அவன் கண்ணப் பாருங்க."

எல்லாரும் மாரிச்சாமியைப் பார்த்தார்கள். ஜாஸ்மின் முன்னால் வந்தாள். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. உறங்குனீகளா?"

"நல்லா உறங்குனேன்க்கா. மத்தியானம் பூரா உறக்கம்தான்" என்றான் மாரிச்சாமி. சொன்ன வாயோடு ஒரு கொட்டாவி வந்தது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கினான்.

"கேட்டாச்சுல்லா? போ வெளிய!" கௌதம்ராஜ் சங்கையாவின் சட்டைக் காலரைப் பிடித்தான். "ரூம் குடுக்கலன்னு வயித்தெரிச்சல். இன்னொருத்தன் சோத்துல மண்ணப் போட வந்திருக்க. மனுசனாய்யா நீ?"

இனி அவர் என்ன சொன்னாலும் பொறாமை என்றுதான் ஆகும். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தெரிந்தே கெடுகிற தவளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"நானும் இப்படித்தான் சொன்னேன்" என்றார். "நாலு வருசத்துக்கு முந்தி, கல்யாண வீட்டுக்காரவுக கேட்டாக, உறங்குனியாப்பான்னு. நல்லா உறங்குனேன்னு சொன்னேன். வேலை போயிருமேன்னு பயம். திருமங்கலம் தாண்டி மாடு குறுக்க வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன்ல, அது பொய்யி. மாடு வரல. நான் உறங்கிட்டேன். கான்சாபுரம் சமுத்திரத்துக்குக் கால எடுத்தது நான்தான். அந்தக் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தா, இவன் கண்ணு மாதிரியேதான் இருக்கும்."

கௌதம்ராஜின் பிடி தானாக விட்டது. வேன் படிக்கட்டில் மாரிச்சாமி உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாளாச்சுக்கா" என்றான் ஜாஸ்மினிடம். "கண்ணு தானா சொக்குது."

ஜாஸ்மின் புருஷனின் பையை வேனிலிருந்து இழுத்துப் போட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பைகள் இறங்கின. கௌதம்ராஜ் கத்தினான், திட்டமெல்லாம் பாழ் என்றான், மகாபலிபுரம் போச்சு என்றான். சத்யப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பிறகு பேச்சு கொஞ்சம் தணிந்தது. கடைசியில் விடியற்காலம் புறப்படுவதென்று முடிவாயிற்று. ஆலைக்குள்ளேயே வெளியூர் வியாபாரிகள் தங்குகிற அறை ஒன்று இருந்தது. கட்டில், மெத்தை, ஏசி எல்லாம் இருந்தது. மாரிச்சாமியை அதில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிரேம்குமார் முனகிக்கொண்டே லாட்ஜுக்குப் போன் போட்டு, டிரைவருக்கு ஒரு கட்டில் வேண்டும் என்று கேட்டான். இரண்டே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

கௌதம்ராஜ் அதற்குள் தவசிமுத்துவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். போனைச் சங்கையாவிடம் நீட்டினான்.

"ஸ்கூல் வண்டிச் சாவிய நாளைக்கு ஷெட்டுல குடுத்துரு" என்றார் தவசிமுத்து. ஏலே என்றுகூடச் சொல்லவில்லை.

சங்கையா ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார். ஜாஸ்மினின் ஸ்கூட்டி பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் ஜோயல், நடுவில் மகள். ஜாஸ்மின் ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். அவள் புருஷனின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், அப்படி நினைத்ததில் தப்பில்லை.

"நாலு வருசத்துக்கு முந்தின்னா, எம் மக உங்க வண்டில ஏறுறதுக்கு முந்தின வருசம்" என்றாள் ஜாஸ்மின். "மூணு வருசமா எம் புள்ளைய உங்க பக்கத்துல ஒக்காத்தி வச்சு அனுப்பியிருக்கேன். மாடு வந்துச்சுன்னு நம்பித்தான் அனுப்புனேன். இனிமே எந்த வண்டியானாலும் நீங்க ஓட்டுதீகன்னா எம் புள்ளைய ஏத்த மாட்டேன் அண்ணாச்சி."

பகலில் நான் ஒருநாளும் கண்ணசந்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தார் சங்கையா. அது நிஜம்தான். ஆனால் நல்லா உறங்குனேன் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்ல வேண்டும்.

"சரிம்மா" என்றார். "ஏத்தாத."

ஜாஸ்மின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, சங்கையா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.