எதிரியின் சம்மதம்

தம்பி வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தவிர எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. ஞாயிறு மதியம் ஆட்டம் முடியும் வரை மேசையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தான். பெட்டிகளில் பாதியைக் கட்டியவள் அக்காவான அவள்தான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளுக்கு, உடையும் பொருளை எப்படிச் சுற்றி வைப்பது என்று தெரியும். "அக்கா இருந்ததால நிமிஷத்துல முடிஞ்சுது" என்று தம்பி மனைவி போனில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு வெளியூர் மாற்றல் வந்த செய்தியையும் அவன் மனைவிதான் பேச்சுவாக்கில் சொன்னாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. ஏன்டா சொல்லலை என்று அவளும் கேட்கவில்லை. "நல்லது, பதவி உயர்வுதானே" என்று சொல்லிவிட்டு டேப் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கணவன் விலகிப்போன வருடம் தம்பிதான் அவளை இந்த மேசைக்கு இழுத்து வந்தான். நடுவர் கதையை நடத்துவார், ஆளுக்கொரு பாத்திரம், நினைத்தது கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். அவன் போர்வீரன், அவள் மந்திரக்காரி. முதலில் சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் "நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும் வரை மேசையில் எல்லோரும் காத்திருப்பார்கள். வாரம் முழுக்க வேறெங்கும் அது கிடைக்கவில்லை.

இன்றைக்கு ஆட்டத்தில் பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு பூதம் நின்றது. யாராவது போய் அதைத் தடுத்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம்.

"நான் போறேன்," என்றான் தம்பி. "கடைசி ஆட்டம். செத்தாலும் கெத்தா சாகணும்."

அவன் தன் வீரன் பொம்மையை அவளுடைய பொம்மையின் பக்கத்திலிருந்து நகர்த்தினான்.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் விலகினால், முறை வராமலே ஒரு வெட்டு வெட்டலாம் என்பது விதி. அந்த வெட்டுக்குப் பதிலாக ஒரு மந்திரம் போடும் தனித்திறன் அவளுடைய மந்திரக்காரிக்கு இருந்தது. அதை வைத்து, தம்பி தன்னை விட்டுப் பாயும்போதெல்லாம் அவன்மேல் கவசம் போட்டுத்தான் அனுப்புவாள்.

"கவசம் போடறேன்," என்றாள்.

"ஒரு நிமிஷம்க்கா." ஷரத்து குறுக்கிட்டாள். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்; போன மாதம்தான் சேர்ந்தாள். எதையும் படித்துப் பார்த்த பிறகே தலையாட்டுவதால் வந்த பட்டப்பெயர் அது. "எதிரி விலகினாத்தான் அந்த வெட்டு. கூட்டாளி விலகினா வெட்டே கிடையாது. அப்புறம் அதுக்குப் பதிலா மந்திரம் எங்கேர்ந்து வரும்?"

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். "அட, ஆமா! இத்தனை நாளா தப்பாவே ஆடியிருக்கோம்."

"கடைசி நாள்லயா கண்டுபிடிக்கணும்? வரி ஆபீஸ் புத்தி போகுதா பார்," தம்பி சிரித்தான். "சரி, யார் எதிரின்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"இல்ல. வெட்டறவங்க முடிவு," என்றார் நடுவர்.

"அப்ப விடு. அக்கா, என்னை எதிரின்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே."

"அதுலயும் சிக்கல் இருக்கு," என்றாள் ஷரத்து. "சம்மதிக்கிறவங்க மேலதான் கவசம் ஏறும். எதிரியாவும் இருக்கணும், சம்மதிக்கவும் செய்யணும். எந்த எதிரி சம்மதிப்பான்?"

"கல்யாணம் ஆனவங்களைக் கேளு," என்றார் நடுவர். எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று அவர் அவளைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஷரத்து தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்குக்கா. நீங்க ஏற்கனவே மறைப்பு மந்திரத்தைப் பிடிச்சிட்டிருக்கீங்க. கவனம் வேணுங்கற மந்திரம் ஒரு நேரத்துல ஒண்ணுதான். கவசம் போட்டா மறைப்பு போயிடும். எல்லாருக்கும் தெரியற மாதிரி நிப்பீங்க."

வேண்டாம், அவன் போகட்டும் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. எப்போதும் வருகிற வார்த்தைதான். கணவன் பெட்டியோடு நின்றபோதும் அதுதான் வந்தது; குடை எடுத்துக்கிட்டீங்களா என்றும் கேட்டாள். போகிறவர்களுக்கு அவள் எப்போதும் சௌகரியமாகவே இருந்திருக்கிறாள்.

"நீ எதிரிதான்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். அது அவ்வளவு சுலபமாக வந்துவிழுந்ததில் அவளுக்கே திக்கென்றது. நிறுத்தவும் முடியவில்லை. "நீ போறதை உன் பொண்டாட்டி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமாடா? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

ஷரத்து ஏற்கனவே படித்த பக்கத்தையே மறுபடி பார்த்தாள். காலி வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

தம்பி வீரனின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா, நீ 'நல்லது'ன்னுதான் சொல்லுவேன்னு தெரியும்க்கா. அதைக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

நடுவர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி கேக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றான் தம்பி. அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

கவசம் ஏறியது. பூதத்தின் அடி வழுக்கிப் போனது. மற்றவர்கள் தப்பித்தார்கள், வீரனும் பிழைத்தான். "கெத்தா சாகக்கூட விடமாட்டேங்கறா," என்று அவன் முணுமுணுத்தபோது யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. அவன் பொம்மை அந்தக் கரையில் இருந்தது. இந்தக் கரையில் மறைப்பு விலகி மந்திரக்காரி மட்டும் நின்றாள்.

"அடுத்த வாரம் என் வீட்ல. வருவீங்கல்ல?" நடுவர் கேட்டார். "பாக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தவள், "தெரியலை" என்றாள். அதுவாவது உண்மை.

கேட் வரை தம்பி கூட வந்தான். "போய் போன் பண்றேன்க்கா." அவள் தலையாட்டினாள்.

யார் வெட்டும் படாமல், மந்திரமும் படாமல் பதுங்கி விலக ஆட்டத்தில் ஒரு வழி உண்டு. அந்த முறைக்கு வேறொன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான். இத்தனை வருடமும் எல்லோரிடமிருந்தும் அப்படித்தான் விலகியிருக்கிறோம் என்று தோன்றியது. இன்றைக்குப் பதுங்கவில்லை. முதுகைக் காட்டி, சாதாரணமாக, கொஞ்சம் மெதுவாகவே நடந்தாள். வெட்டுவதானால் வெட்டட்டும், கூப்பிடுவதானால் கூப்பிடட்டும்.

தெருமுனை வரை குரல் வரவில்லை. கேட் சாத்துகிற சத்தமும் வரவில்லை.